சொந்த டொமைனை வெள்ளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும் தென்னை நார், கொப்பரை, எண்ணெய் ஆலை என்று தொழில் செய்பவர்களில் சிலர், ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக வாடகைச் சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மின்னஞ்சல் மென்பொருள்களை நிறுவிச் சொந்தமாக மின்னஞ்சல் நடத்துகிறார்கள். அதில் தவறேதுமில்லை, அதை நிறுவிக் கொடுத்துத்தான் நானும் பிழைக்கிறேன். ஆனால் நிறுவியவர் கைகழுவிப் போன பிறகு, "முக்கியமான மெயில் ஸ்பேமுக்குள் போய்விட்டது" என்று அலுவலகத்தில் யாராவது சத்தம் போட்டால், கம்ப்யூட்டர் தெரிந்த இன்னொருவர் சர்வருக்குள் நுழைந்து ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்: நிறுவனத்தின் டொமைனை, அதாவது முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயரை, வெள்ளைப் பட்டியலில் (ஸ்பேம் என்று தள்ளாமல் உள்ளே விடும் பட்டியலில்) ஏற்றும் வரி. அந்த வரியால் பணத்தைத் தொலைத்தவர்களை அடுத்தடுத்துப் பார்த்துச் சலித்துப் போனதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் வந்தது இது. அலுவலகம் கோபாலபுரம் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், குடோன் அந்தப் பக்கம். நார்க்கழிவுக் கட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம். முதலாளியின் முகவரியிலிருந்து கணக்கருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது: சரக்குக் கப்பல் முகவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றைய தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பிவிடவும், நான் மீட்டிங்கில் இருக்கிறேன், போன் செய்ய வேண்டாம். கணக்கர் ஆர்டிஜிஎஸ் செய்துவிட்டார். பணம் வரவில்லை என்று முகவர் கேட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த மின்னஞ்சலின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தால், ஸ்பேம் வடிகட்டியான ஸ்பேம்அசாசின் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது. எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்தெந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) சோதனையில் தோல்வி, டிகேஐஎம் (அனுப்பும் டொமைன் இடும் மின்கையொப்பம்) இல்லை, பதில் போக வேண்டிய முகவரி ஏதோ ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்பேம் மதிப்பெண் போட்டு 9.4 வரை கூட்டியிருக்கிறது. அதன் இயல்பான எல்லை 5 என்பதால், அது நேராக ஜங்க் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அதற்கடுத்த வரியில் வெள்ளைப் பட்டியல் விதி −100. ஆகமொத்தம் −90.6, நல்ல மெயில், உள்ளே போகலாம். அமைப்புக் கோப்பில் 'ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம்' என்று எழுதி, அதற்கு எதிரே நிறுவனத்தின் சொந்த டொமைனையே நட்சத்திரக் குறியோடு போட்டு வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஸ்கேனர் இயந்திரம் அனுப்பும் பிடிஎஃப் ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அந்த ஸ்கேனருக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 587ஆம் போர்ட் வழியாக அனுப்ப வைத்திருந்தால், உள்நுழைந்து அனுப்பப்படும் கடிதங்களை வடிகட்டாமல் விட்டுவிடலாம். வெள்ளைப் பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காது.

"எங்கள் முகவரியிலிருந்து வந்திருக்கிறதே, அப்படியானால் எங்கள் ஆள்தானே அனுப்பியிருக்க வேண்டும்?" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், படித்தவர்களும் கேட்கிறார்கள். இல்லை, ஐயா. தபாலில் வரும் கடிதத்துக்குள் 'அன்புடன், இன்னார்' என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, திரையில் தெரியும் 'ஃப்ரம்' வரிக்கும் அவ்வளவுதான் மதிப்பு. உறையின் மேல் எழுதப்படும் அனுப்புநர் முகவரி தனி. சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது கொடுக்கப்படுவது அது, படிப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எஸ்பிஎஃப் சோதிப்பது உறையைத்தான். ஆகவே மோசடிக்காரன் உறையில் தன் சொந்த டொமைனை எழுதி, அதற்கு முறையான எஸ்பிஎஃப் பதிவும் வைத்துக்கொண்டு, உள்ளே உங்கள் முதலாளியின் முகவரியைப் போட்டால், எஸ்பிஎஃப் சோதனை வெற்றி என்றே முடியும். "எங்களிடம் எஸ்பிஎஃப் இருக்கிறது" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இந்த ஓரிடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும்.

கண்ணுக்குத் தெரியும் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் உறுதிசெய்த டொமைனும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது டிமார்க். 2015இல் ஆவணமாக வெளிவந்த ஏற்பாடு இது. 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 அளவில்) கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. பலரும் டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களைச் சொல்லும் இணைய முகவரிப் புத்தகத்தில்) 'பி=நன்' என்று ஒரு டிமார்க் பதிவைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்; அது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமே உதவும். மற்ற சர்வர்களிடமிருந்து வரும் டிமார்க் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்து, உங்கள் பெயரில் நியாயமாக அனுப்பும் இடங்கள் அனைத்தும் தேறுகின்றனவா என்று பார்த்துவிட்டு, 'குவாரன்டைன்' (ஒதுக்கி வை), பிறகு 'ரிஜெக்ட்' (நிராகரி) என்று மாற்றுங்கள். அதோடு உங்கள் சர்வரும், உள்ளே வரும் மின்னஞ்சலுக்கு டிமார்க்கைச் சோதித்து அதன்படி நடக்க வேண்டும். பதிவு போட்டவர்களில் பலர் சோதனையை இயக்கியிருப்பதில்லை.

வாடிக்கையாளர் ஒருவரின் டொமைனை வெள்ளைப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், 'ஒயிட்லிஸ்ட்_ஆத்' என்ற வரியைப் பயன்படுத்துங்கள். எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் தேறினால்தான் அது செல்லுபடியாகும். ஆர்ஸ்பாம்டி என்ற இன்னொரு வடிகட்டியை வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம்: அதன் மல்டிமேப் என்ற பட்டியல் பகுதியில் டொமைனை எழுதி 'அக்செப்ட்' என்று போடுவதும் 'ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம்' செய்த அதே வினைதான்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. பட்டது போதும் என்று எல்லையைக் குறைத்துவிடுவார்கள். ஆர்ஸ்பாம்டியின் இயல்பான அமைப்பில் 4 மதிப்பெண்ணுக்குத் தாமதப்படுத்தலும், 6க்கு ஸ்பேம் குறியிடலும், 15க்கு நிராகரிப்பும் இருக்கும். அந்த 15ஐ 6 ஆக்கிவிட்டு, ஆர்டர் வரவில்லையே என்று கப்பல் கம்பெனியைத் திட்டுவார்கள். நிராகரிப்பதானால் இணைப்பு நடக்கும்போதே நிராகரியுங்கள், அனுப்பியவருக்குத் தகவலாவது போய்ச் சேரும். சத்தமில்லாமல் அழிக்கும்படி அமைப்பது தொழிலுக்குச் செய்யும் துரோகம். வாங்கிக்கொண்டு பிறகு திருப்பியனுப்புவது அதைவிட மோசம்: பொய் முகவரிக்கெல்லாம் திருப்பியனுப்பி, கடைசியில் உங்கள் சர்வரின் ஐபி முகவரியே கறுப்புப் பட்டியலில், அதாவது ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் பட்டியலில், ஏறிவிடும்.

கறுப்புப் பட்டியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சர்வரின் டிஎன்எஸ்ஸாக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐ வைத்துக்கொண்டு, ஸ்பாம்ஹவுஸ் என்ற கறுப்புப் பட்டியலைக் கேட்டால் அது உண்மையான பதிலைச் சொல்லாது; பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறீர்கள் என்பதைக் குறிக்க 127.255.255.254 என்ற எண்ணைத் திருப்பும். எந்த எண் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு, அன்றிலிருந்து உலகத்தில் வரும் மின்னஞ்சல் அத்தனையையும் திருப்பியனுப்பும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி நேரடியாகக் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளும் பதில் எண்களையும் வரையறுத்து எழுதுங்கள். மூடப்பட்ட பட்டியல்களையும் நீக்குங்கள். ஓஆர்டிபி என்ற கறுப்புப் பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. 2008 மார்ச்சில், கேட்கப்பட்ட ஐபி ஒவ்வொன்றையும் குற்றவாளி என்று சொல்லத் தொடங்கியது. கோப்பிலிருந்து அந்தப் பெயரை நீக்காதவர்களுக்கு அன்றைய தினம் ஒரு மெயிலும் வரவில்லை.

வடிகட்டியில், பழைய கடிதங்களைப் பார்த்து ஸ்பேமை அடையாளம் காணக் கற்கும் பேயஸ் என்ற பகுதிக்கு, இணையத்தில் கிடைக்கும் ஸ்பேம் மூட்டையை இறக்கிப் பயிற்சி கொடுக்காதீர்கள். ஸ்பேம்அசாசினில் நல்லதும் கெட்டதுமாக 200 வீதம் கற்ற பிறகுதான் அது வாய் திறக்கும். அந்த 200ம் உங்கள் பெட்டியிலிருந்தே வர வேண்டும். நம் பகுதியில் ஒரே நாளில் தமிழில் லோடு விவரமும், மலையாளத்தில் குடோன் கணக்கும், ஆங்கிலத்தில் இன்வாய்ஸும் வரும். அமெரிக்க மருந்துக்கடை விளம்பரத்தைப் படித்த வடிகட்டிக்கு ஓண வாழ்த்தும் கொப்பரை விலைப்பட்டியலும் என்னவென்று தெரியும்? ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிடிக்காத டீலரின் விலைப்பட்டியலைக் கோபத்தில் ஜங்க் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். ஜங்க் பெட்டியிலிருந்து கற்கும்படி அமைத்த சர்வரில், அதில் விழுவதையெல்லாம் ஸ்பேம் என்றே வடிகட்டி கற்றுக்கொள்கிறது.

கணக்கர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. வடிகட்டியை எவ்வளவு கவனமாக அமைத்தாலும் சில கடிதங்கள் தப்பி வரும். நிஜமான கணக்கொன்றின் கடவுச்சொல் திருடுபோயிருந்தால் டிமார்க்கும் தேறிவிடும். வங்கிக் கணக்கு மாறியதாக யார் எழுதினாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள்; அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணில் கூப்பிட வேண்டாம். "போன் செய்ய வேண்டாம்" என்று எழுதியிருந்தால் கட்டாயம் போன் செய்யுங்கள். முதலாளி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் பேசிவிடுங்கள். அது எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடக்கூடிய எண்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்றைக்கே அமைப்புக் கோப்புகளில் சொந்த டொமைனின் பெயரைத் தேடி, அது எந்தெந்த வரியில் எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வெளியிலிருக்கும் வேறொரு சர்வரிலிருந்து, உங்கள் முதலாளியின் முகவரியை 'ஃப்ரம்' வரியில் போட்டு உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அது இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தால், அதன் தலைப்பகுதியில் −100 எங்கே இருக்கிறது என்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.