கூந்தன்குளத்து மீனெல்லாம் எங்கே போகிறது?

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு மாசி மாதம் போனால், ஊருக்குள் நுழையும்போதே வாடை வந்துவிடும். மீனும் பறவை எச்சமும் கலந்த வாடை. வீட்டுக் கொல்லை மரங்களில்கூட மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். தாய்ப்பறவை வந்து இறங்கியதும் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்தும். தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்த மீன்களை அது கூட்டின் நடுவே கக்கும். ஒன்றிரண்டு நழுவிக் கீழே விழும். அதற்கென்றே மரத்தடியில் ஒரு பூனை காத்துக் கிடந்தது.

பக்கத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பாட்டி என்னிடம் கேட்டார்: “விடிஞ்சதுல இருந்து இப்படித்தான் கொண்டாந்து கொட்டுது. இத்தன மீனும் எங்கதான் போவுதோ, ஐயா?”

சூழலியலின் அடிப்படைக் கேள்வியே அதுதான். பதிலை வெயிலில் இருந்து தொடங்க வேண்டும்.

குளத்துத் தண்ணீர் பச்சை பிடித்திருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத பாசி. தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் அது உணவாக மாற்றுகிறது. குளத்தின் மொத்த வருமானமே அவ்வளவுதான். பாசியை நீர்த்தெள்ளு என்ற பொடி நீருயிர் தின்கிறது, நீர்த்தெள்ளைச் சிறு கெண்டை தின்கிறது, கெண்டையை விரால் விழுங்குகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்த உடலில் சேரும். அமெரிக்காவில் ஒரு சிறிய ஏரியை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்து, உணவுச் சங்கிலியை ஆற்றல் கணக்காக மாற்றியவர் ரேமண்ட் லிண்டமன். 1942-இல் அந்தக் கட்டுரை அச்சாகும்போது அவர் உயிரோடு இல்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ விராலுக்குப் பத்துக் கிலோ சிறு மீன். அதற்கு நூறு கிலோ நீர்த்தெள்ளு. அதற்கு ஆயிரம் கிலோ பாசி. பத்து என்பது சராசரிதான். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஜிலேபி மீனோ பாசியை நேராகவே மேய்வது. ஒரு கிலோ ஜிலேபிக்குப் பத்துக் கிலோ பாசி போதும். எந்தக் குளத்தில் வலை போட்டாலும் ஜிலேபி குவிவதற்கும் விரால் அருமையாக அகப்படுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். (ஆயிரம் கிலோ பாசி ஒரே நாளில் குளத்தில் மிதக்காது. தின்னத் தின்ன ஓரிரு நாளில் இரட்டித்துவிடும்.)

மிச்சம் ஒன்பது பங்கு? கொஞ்சம் செரிக்காமல் எச்சமாகும். பெரும்பகுதி நீந்தவும், மூச்சுவிடவும், உடலைப் பழுதுபார்க்கவும் செலவாகி வெப்பமாகக் கலைந்துவிடும். மீனாவது சிக்கனக்காரன், தண்ணீரின் சூடுதான் அதன் உடல் சூடும். பறவை அப்படியில்லை. ராப்பகலாக 40 டிகிரியில் உடலைக் காய்ச்சி வைத்திருக்க வேண்டும். வளர்ந்த கூழைக்கடா செரித்துக்கொண்ட ஆற்றலில் நூற்றில் இரண்டு மூன்று பங்குகூட உடம்பில் தங்குவது அரிது.

அன்று கூட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு நாரைக்குஞ்சைப் பையன் ஒருவன் எடுத்துவந்தான். கையில் வாங்கினேன். இறகு சரியாக முளைக்காத அந்த வயிறு அனல் மாதிரிச் சுட்டது. பாட்டியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மீன் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

சங்கிலி என்று சொன்னாலும் குளத்தில் இருப்பது வலைதான். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தேடிப் போகும். பூநாரை சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டிப் பாசியையும் சிற்றுயிர்களையும் எடுக்கும். திபெத், மங்கோலியா பக்கமிருந்து வரும் வரித்தலை வாத்து புல் மேயும். வெயிலுக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு படிதான். உதிர்ந்த கருவேல இலையும் செத்த குஞ்சும்கூட வீணில்லை. பாக்டீரியாவும் புழுவும் அவற்றைத் தின்ன, புழுவைக் கெளுத்தி தின்னும். குளத்தின் ஆற்றலில் பெரும்பங்கு இந்தச் சேற்று வழியாகவே போகிறது. மேலே பறப்பதையே பார்க்கும் நம் கண்ணுக்கு அது படுவதில்லை.

வெப்பமாகப் போன ஆற்றலை எந்த உயிரும் திரும்பப் பிடிக்க முடியாது. நாளைய வெயில்தான் புதிதாகத் தர வேண்டும். மீனுக்குள் இருந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அப்படி அழிவதில்லை. எச்சமாக விழுந்து குளத்து மண்ணில் படிகின்றன. கோடையில் குளம் வற்றியதும் அந்த வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். அடுத்த பிசான நெல் பருவத்தில் அது நெல்லாக நிற்கும். அறுத்த வயலில் சிந்திய மணியையும் புதுப்புல்லையும் மேய வரித்தலை வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கும்.