ஆக்ஸிமீட்டரின் தங்கை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: “மருத்துவ உளவியல் படித்து, பெண்களின் பாலுணர்வை ஆராய விரும்புகிறேன். வீட்டில், இதெல்லாம் ஒரு படிப்பா என்கிறார்கள். உண்மையிலேயே இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?”

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உளவியலில் முதுகலை, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய ஈராண்டு எம்.ஃபில்., பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த வழி. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேசியும் சோதித்தும் பயிற்சி அளித்தும் குணப்படுத்துபவர் மருத்துவ உளவியலாளர்.

அளப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2020இல் வடசென்னையில் கொரோனா பரவியபோது, கொருக்குப்பேட்டையில் எங்கள் வாசலுக்கு வந்த தன்னார்வலர், அம்மாவின் நகத்தில் மருதாணி இருப்பதைப் பார்த்து, வேறொரு விரலை வாங்கி ஆக்ஸிமீட்டரை மாட்டினார். அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடும்போது மறுபுறம் சேரும் ஒளி குறைகிறது. சாயம் அந்த ஒளியைக் குழப்பிவிடும் என்பதால்தான் அவர் விரலை மாற்றினார். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி இந்தக் கருவியின் முறையை 1974இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, ஏறத்தாழ அதே தத்துவத்தில், பெண்ணின் பிறப்புறுப்பில் ரத்த ஓட்டத்தை அளக்கும் சிறு கருவியை சின்சாக், கீர் என்ற ஆய்வாளர்கள் விவரித்தனர். இதில் ஒளி ஊடுருவிச் செல்வதில்லை, திசுவில் பட்டுத் திரும்புகிறது. கிளர்ச்சியில் ரத்தம் பெருகப் பெருக, துடிப்புக்குத் துடிப்பு ஒளியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது.

தன் விருப்பப்படி இந்தக் கருவியைத் தானே பொருத்திக்கொண்ட பெண், தனியறையில் காட்சிகளைப் பார்த்தபடி, தான் உணரும் கிளர்ச்சிக்கும் மதிப்பெண் தருகிறார். கனடாவின் உளவியலாளர் மெரிடித் சிவர்ஸும் அவருடைய குழுவினரும் 1969 முதல் 2007 வரை வெளியான 132 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டபோது, உடலின் அளவீடும் அவரவர் சொன்ன உணர்வும் பொருந்தும் ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) ஆண்களில் 0.66 ஆகவும் பெண்களில் 0.26 ஆகவும் இருந்தது. உடல் காட்டுவது ஒன்று, மனம் விரும்புவது ஒன்று என இருக்க முடியும். வன்முறைக்கு உள்ளான பெண்ணிடம் “உன் உடல் இணங்கியதே” என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய் என்பதை இந்த எண்ணைக் காட்டியே வாதிடலாம். ரத்த ஓட்டம் அனிச்சையாக எழக்கூடியது, சம்மதம் அவள் வாயால் மட்டுமே வருவது.

இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்க நம் நாட்டில் தயக்கம் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மின்ட் தெருவிலும் மூலக்கொத்தளத்திலும் சுவர்களில் ஒட்டப்படும் ‘ஆண்மைக் குறைவு’ சுவரொட்டிகள் பயத்தை விற்கின்றன. பெண்ணின் வலியையும் விருப்பமின்மையையும் பேச ஒரு சுவர்கூட இல்லை. வெட்கத்தால் மூடிய இடத்தைப் போலி வைத்தியம் நிரப்பிக்கொள்கிறது.

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் லோரி பிராட்டோ, ஆசை குறைந்த பெண்களுக்குக் குழுவாக மனக்கவனப் பயிற்சி தருகிறார். ஓர் உலர்திராட்சையை எடுத்து, அதன் சுருக்கத்தைத் தடவி, மணத்தை முகர்ந்து, மெதுவாக மென்று, அந்த ஒன்றிலேயே கவனத்தை நிறுத்திப் பழகுவதும் இவ்வகைப் பயிற்சியில் உண்டு. அவரும் சிவர்ஸும் இணைந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு அந்தப் பெண்களின் உடல் அளவீடும் அவர்கள் சொன்ன உணர்வும் முன்பைவிட நெருங்கி வந்திருந்தன.