‘உடலியக்க சிகிச்சை’ என்றால் எது? கைரோபிராக்டிக்கும் கர்ப்பிணியின் இடுப்பும்

என் சித்தி மகளுக்கு ஏழாம் மாதம். மருத்துவமனையில் கொடுத்த தமிழ்க் கையேட்டைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, ‘கர்ப்ப காலத்தில் இடுப்பு வலி இயல்பானது, உடலியக்க மருத்துவர் அதைச் சரிசெய்வார்’ன்னு போட்டிருக்கு. இடுப்பு வலின்னா பிரசவ வலிதானே? ஏழாம் மாசத்துல அது எப்படி இயல்பு? இந்த உடலியக்க மருத்துவர் யாரு?”

ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. இரண்டும் எனக்குப் புதியவை அல்ல. மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பு மூட்டுகளை, கையால் அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக் என்ற முறையைத்தான் தமிழில் ‘உடலியக்க சிகிச்சை’ என்று பெயர்க்கிறார்கள். கர்ப்பகால முதுகுவலி பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் அந்தச் சொல்லைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுவேன். இந்த முறை ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொல். கைரோபிராக்டிக் கிரேக்கத்திலிருந்து கட்டிய சொல். ‘கைர்’ என்றால் கை, ‘பிராக்டிகோஸ்’ என்றால் செயல் சார்ந்தது. கையால் செய்வது, அவ்வளவுதான் பொருள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் 1895 செப்டம்பரில் ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திச் சிகிச்சை செய்ததிலிருந்து இந்த முறையின் வரலாற்றைச் சொல்வார்கள். பெயரைக் கட்டிக்கொடுத்தவர் சாமுவேல் வீட் என்ற பாதிரியார். பால்மரிடம் சிகிச்சைக்கு வந்தவர், கிரேக்கம் அறிந்தவர். முதல் எழுத்து ‘சி’ அல்ல, ‘கை’. ‘சிரோபிராக்டிக்’ என்று எழுதுவது ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து ஒலிபெயர்ப்பதால் வரும் பிழை.

நம் ‘கை’யும் கிரேக்கக் ‘கைர்’உம் ஒரே சொல்தான் என்று சொல்லிக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு வந்துவிடாது. கன்னடத்தில் ‘கய்’, தெலுங்கில் ‘சேயி’ என்று நம் சொல்லுக்குத் தனிக் குடும்பம் இருக்கிறது. கிரேக்கச் சொல்லுக்கு, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கி மறைந்த ஹிட்டைட் மொழியின் ‘கெஸ்ஸர்’ போன்ற வேறு உறவினர்கள் இருக்கிறார்கள். தமிழின் பெருமைக்கு இந்தத் தற்செயல் ஒற்றுமை தேவையில்லை.

இனி ‘உடலியக்க சிகிச்சை’க்கு வருவோம். (‘உடலியக்கச் சிகிச்சை’ என்று வல்லினம் மிகவேண்டும். அதைக்கூட யாரும் போடுவதில்லை.)

இந்தச் சொல்லில் கை இல்லை, முதுகு இல்லை, எலும்பும் மூட்டும் இல்லை. கைரோபிராக்டிக்கை மற்ற சிகிச்சைகளிலிருந்து பிரித்துக்காட்டும் எதுவுமே இல்லை. உடலின் இயக்கம் என்றால் மூச்சு விடுவது, செரிப்பது, இரத்தம் ஓடுவது எல்லாமே அதில் அடக்கம். அதனால்தான் அந்தத் துறையை உடலியக்கவியல் என்றும் உடலியங்கியல் என்றும் சொல்கிறோம். பள்ளியில் உயிரியல் படித்தவருக்கு ‘உடலியக்க மருத்துவர்’ என்றால் அந்தப் பாடம்தான் நினைவுக்கு வரும். பாடம் படிக்காதவருக்கு இயக்கம் என்றால் அசைவு, அசைவு என்றால் பயிற்சி. அவர் நேராக இயன்முறை மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் நிற்பார். கீழ்முதுகு வலிக்கும் கர்ப்பிணிக்கு அது பெரும்பாலும் நல்ல இடம்தான், அது வேறு கதை. ஆனால் கையேடு சொல்ல வந்தது அவரை அல்ல. பயிற்சியும் படிப்பும் வேறான இரண்டு தொழில்களை ஒரு தளர்ந்த சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்தச் சொல்லுக்காக வாதாடிய நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார்: “முதுகெலும்பு வழியாக நரம்புகளைச் சீராக்கி உடல் முழுவதையும் இயங்கவைப்பதுதானே அவர்கள் கொள்கை? அப்படியானால் உடலியக்கம் பொருத்தமான பெயர்தானே?” நன்றாக யோசித்த வாதம். என் எதிர்ப்பும் சரியாக அங்கேதான். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்புகள் இடம் பெயர்வதால் வருகின்றன என்று பால்மர் எழுதினார். அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. கைரோபிராக்டிக் செய்கிறவர்களிலேயே பலர் அந்தப் பழைய கொள்கையை விட்டுவிட்டு, முதுகுவலி, கழுத்துவலி என்ற அளவில் நிற்கிறார்கள். நிரூபணமாகாத ஒரு கொள்கையைப் பெயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால், படிக்கிறவர் அதை எடைபோட இடமே இருக்காது. கிரேக்கப் பெயர்கூட அந்தக் கொள்கையைச் சொல்லவில்லை, ‘கையால் செய்வது’ என்று அடக்கமாக நிற்கிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடப் பெரிய வாக்குறுதி கொடுக்கலாமா?

‘வழக்குக்கு வந்துவிட்டது, விடுங்கள்’ என்றும் சொல்கிறார்கள். யாருடைய வழக்கு? வலியோடு இருக்கிற எந்தப் பெண்ணும் ‘நாளைக்கு உடலியக்க சிகிச்சைக்குப் போகிறேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘கைரோ’ என்கிறார்கள், அல்லது ‘நெட்டி எடுக்கிறவர்’ என்கிறார்கள். உடலியக்கம் இருப்பது எந்திர மொழிபெயர்ப்பிலும், அதை அப்படியே ஒட்டும் கையேடுகளிலும் மட்டும்தான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகல் எடுப்பதை வழக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘நெட்டி’ அருமையான சொல் என்பதையும் சொல்லவேண்டும். விரலில் நெட்டி முறித்தால் கேட்கும் சத்தமும், முதுகு மூட்டை அழுத்தும்போது கேட்கும் சத்தமும் ஒரே வகை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குழிவு உண்டாவதால் வருவது. எலும்பு உடைவதுமில்லை, இடம் மாறி உட்காருவதுமில்லை. இதைப் பேச்சுத் தமிழ் கச்சிதமாகப் பிடித்துவிட்டது. ஆனாலும் சிகிச்சைக்குப் பெயராக வைக்க நான் தயங்குகிறேன். கர்ப்பிணிகளுக்குச் செய்யும்போது பெரும்பாலும் வேகமான அழுத்தத்தைக் குறைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்தோ வயிற்றுக்கு இடம் விட்ட மெத்தையில் வைத்தோ மெதுவாகச் செய்கிறார்கள். சத்தமே வராமலும் போகும். அப்புறம், ‘முறி’ என்ற வினை பக்கத்தில் வந்தாலே எலும்பு முறிவு வைத்தியம் நினைவுக்கு வரும். சில இடங்களில் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

‘தண்டுவட சிகிச்சை’யும் சரியில்லை. தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை, அதில் யாரும் கை வைப்பதில்லை. ‘தொக்கணம்’ சித்த மருத்துவத்தில் உடலைத் தட்டியும் பிடித்தும் செய்யும், ஒன்பது வகையாகச் சொல்லப்படும் புறச்சிகிச்சை. அதற்கென்று சொந்த முறையும் நூல்வழக்கும் உண்டு, அதன் பெயரை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டுவது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. சரி, நேரடியாகவே பெயர்த்துக் ‘கைமருத்துவம்’ எனலாமா? அதுவும் ஆகாது. கைவைத்தியம் என்றால் நமக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் மருந்து. தவிர, ‘சர்ஜரி’யும் இதே ‘கைர்’ வேரிலிருந்து வந்ததுதான். கையால் செய்யும் வேலை என்பதே அதன் மூலப்பொருள். தமிழ் அங்கே கையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, செயலைப் பார்த்து ‘அறுவை’ என்றது. வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே வழியில் போனால், இங்கே செயல் எது? கையால் மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பு மூட்டுகளையும் இடுப்பு மூட்டுகளையும், அழுத்தி அசைத்து இளக்குவது. அதனால் ‘மூட்டுக் கைச்சிகிச்சை’ என்கிறேன். எதைக் கொண்டு, எதன் மேல் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன, எந்த வாக்குறுதியும் இல்லை. ‘சிகிச்சை’ வடசொல்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். ‘பண்டுவம்’ என்று மாற்றிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வலியோடு படிக்கிறவர் ஒரு கணம்கூடத் தடுமாறக்கூடாது என்பதால் நான் சிகிச்சை என்றே எழுதுவேன். மருத்துவமுறையின் பெயராக வரும் இடத்தில், ஹோமியோபதி என்று எழுதுவதைப்போலக் கைரோபிராக்டிக் என்றே விட்டுவிடலாம்.

செய்கிறவரை ‘மருத்துவர்’ என்பதும் உறுத்துகிறது. அமெரிக்காவில் கைரோபிராக்டிக்குக்குத் தனிப் பட்டம் உண்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வார்கள். ஆனால் அது பொது மருத்துவப் பட்டம் அல்ல, அவர்கள் மகப்பேறு மருத்துவரும் அல்ல. தமிழில் வெறுமனே ‘மருத்துவர்’ என்று எழுதினால் கர்ப்பிணி என்ன நினைப்பார்? ‘சிகிச்சையாளர்’ என்பதே நேர்மை.

இவ்வளவு நேரம் பேசியதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வாக்கியத்தின் இன்னொரு தவறு: ‘இடுப்பு வலி’.

ஆங்கிலத்தில் வேய்ஸ்ட், ஹிப், பெல்விஸ் என்று மூன்று சொல். நமக்குப் பேச்சில் மூன்றும் இடுப்பு. கீழ்முதுகையும் ‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்கிறோம். இதெல்லாம் போக, நிறைமாதத்தில் ‘இடுப்பு வலி எடுத்துவிட்டது’ என்றால் அது பிரசவ வலி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். அப்படிப்பட்ட சொல்லை ‘பெல்விக் பெயின்’ என்ற இடத்தில் போட்டு, ‘இயல்பானது, கைச்சிகிச்சைக்குப் போங்கள்’ என்று எழுதினால்? குறைமாதத்திலேயே பிரசவ வலி கண்ட ஒரு பெண் அதைப் படித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தால்? இதை மொழிப்பிழை என்று மட்டும் சொல்லி என்னால் நகர முடியவில்லை.

பெல்விஸ் லத்தீனில் அகன்ற கிண்ணத்தைக் குறிக்கும். தமிழில் ‘கூபகம்’ என்ற சொல் இருக்கிறது, கிணறு என்ற பொருள்கொண்ட கூபத்திலிருந்து வந்தது. அழகான சொல், ஆனால் பாடநூலைத் தாண்டிப் பரவவில்லை. எனக்குப் பிடித்தது ‘இடுப்பு வளையம்’. பின்னால் முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு, இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகள், முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே அவை இணையும் இடம் என்று அது உண்மையிலேயே ஒரு வளையம். கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் போன்ற சுரப்புகளால் இந்த இணைப்புகளின் தசைநார்கள் தளர்கின்றன. முன்பக்க இணைப்பில் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியலாம். வயிறு முன்னால் தள்ள, உடலின் எடை விழும் இடமும் மாறுகிறது. படுக்கையில் புரளும்போது, படி ஏறும்போது, ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போது சுரீர் என்று பிடிக்கிற வலி பெரும்பாலும் இந்த வளையத்தின் வலி. ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கு. இதை ‘இடுப்பு வளைய வலி’ என்று எழுதுங்கள். அதற்கு மேலே, கடைசி விலாவுக்குக் கீழே வருவதைக் ‘கீழ்முதுகு வலி’ என்று எழுதுங்கள். விட்டுவிட்டு, நேரம் செல்லச் செல்ல நெருங்கி வருவதைப் ‘பிரசவ வலி’ என்று மட்டும் எழுதுங்கள். மூன்றையும் மூன்று சொல்லால் பிரித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

‘சரிசெய்தல்’ பற்றியும் ஒரு வார்த்தை. கைரோபிராக்டிக்கில் மூட்டை அழுத்துவதைக் குறிக்கும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’டை இப்படிப் பெயர்க்கிறார்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் முன்பே ஏதோ கோணலாகியிருக்க வேண்டும். உடனே ‘எலும்பு விலகிடுச்சாம்’ என்று வீடே கலங்கும். தளர்ந்த தசைநாரைத்தான் விலகிய எலும்பாகச் சொல்லிவிடுகிறோம். ‘மூட்டு அழுத்தம்’ போதும். வெப்ஸ்டர் முறையைக் ‘குழந்தையைத் திருப்பும் சிகிச்சை’ என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. லாரி வெப்ஸ்டர் என்ற கைரோபிராக்டிக் சிகிச்சையாளர் வகுத்த அந்த முறை, தாயின் இடுப்பு வளையத்தின் மேல் செய்வது. கால் கீழாக இருக்கும் குழந்தையை அது திருப்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைப் பயிற்றுவிக்கும் அமைப்பே அது குழந்தையைத் திருப்பும் முறை அல்ல என்கிறது. வயிற்றின் மேல் கை வைத்துக் குழந்தையைத் திருப்புவது மகப்பேறு மருத்துவர், பொதுவாக 36, 37 வாரங்களில், குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்தபடி மருத்துவமனையில் செய்கிற வேறொரு செயல். இந்த இரண்டும் ஒரே பெயரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கவேண்டும்.

யோசிப்பதில்லை என்பதே என் ஆதங்கம். ஆங்கிலக் கையேட்டைப் பத்துப் பேர் சரிபார்க்கிறார்கள், தமிழை எந்திரம் கக்கியதும் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு கர்ப்பிணியிடம் கொடுத்து, ‘இதைப் படித்து என்ன புரிந்தது?’ என்று கேட்டிருந்தால் இந்த வாக்கியம் தப்பியிருக்காது.

அன்று இரவு அவளுக்காக அந்த வாக்கியத்தை நான் திருப்பி எழுதி அனுப்பினேன்: “கர்ப்ப காலத்தில் கீழ்முதுகு வலியும் இடுப்பு வளைய வலியும் பலருக்கு வரும். உடற்பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் உதவலாம். சிலர் மூட்டுக் கைச்சிகிச்சையும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சான்று குறைவு, மகப்பேறு மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகவும். வலி விட்டுவிட்டு வந்தாலோ, இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ இவை எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவும்.”

படித்துவிட்டு அவள் கேட்டாள்: “விட்டுவிட்டெல்லாம் வரலைக்கா, புரண்டு படுத்தாத்தான் பிடிக்குது. அப்போ இது வளைய வலிதானே? காலைல டாக்டர்கிட்ட இப்படியே சொல்லட்டுமா?”