ஊர் கூடி வரையும் வரைபடம்: அரசு எப்படி நம்புகிறது?

"யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்கிற வரைபடத்தை, அரசு நில அளவைத் துறை எந்தத் தைரியத்தில் எடுத்துக்கொள்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதிலில் எனக்கு மிகவும் பிடித்த புள்ளியியல் சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது.

முன்கதை சுருக்கமாக. 2000 மே மாதம், ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கைக்கருவிகள் 10, 20 மீட்டருக்குள் வந்துவிட்டன. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், யார் வேண்டுமானாலும் வரையவும் திருத்தவும் கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைப் பிரிட்டனில் தொடங்கினார். வாசகர் கேட்ட வரைபடம் இந்த வகைதான். அந்நாட்டில் 1791 முதல் இயங்கும் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் விரிவான தரவை அப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் ஆர்வலர்கள் கருவியும் கையுமாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் தெருத்தெருவாகப் பதிவு செய்தார்கள்.

அப்படிப் பதிவான தடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாலையை விட்டு விலகி வீட்டுக் கூரைமேல் ஏறும். வளைவில் குறுக்கே வெட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சிக்னல் சுவரில் பட்டுத் தெறிப்பதால் கோணல்மாணலாக அலையும். இதை வைத்துச் சாலை போட முடியாது. அதன்மேல் இன்னொருவரின் தடத்தைப் போடுங்கள், இன்னொன்று, மேலும் ஒன்று. முப்பது நாற்பது சேர்ந்ததும் நடுவில் அடர்ந்து ஓரங்களில் வெளிறிய நூல்கற்றை ஒன்று திரையில் தெரியும். அந்த அடர்ந்த நடுப்பகுதிதான் சாலை! இன்னும் தடங்கள் குவிந்தால் கற்றை சில இடங்களில் இரண்டாகப் பிரியும். ஒன்றில் பயணங்கள் ஒரு திசையில், மற்றதில் எதிர்த் திசையில். நடுவில் தடுப்பு உள்ள இருவழிச் சாலை என்று யாரும் எழுதி வைக்காமலே தெரிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத அளவீடுகளைச் சராசரி எடுத்தால், பிழை அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். ஒரு தடத்தின் பிழை 8 மீட்டர் என்றால், 4 தடங்களுக்கு 4 மீட்டர், 16 தடங்களுக்கு 2 மீட்டர். இதில் உயிர்நாடி 'தொடர்பில்லாத' என்ற சொல். ஒருவரே ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று நூறு புள்ளிகள் எடுத்தாலும் பெரிய பலனில்லை. அதே செயற்கைக்கோள்கள், அதே வளிமண்டலம். நூறும் ஒரே பக்கம் சாயும். பத்துப் பேர் பத்து வெவ்வேறு நாட்களில் எடுத்தவை அதைவிட மேல்.

சரி, துல்லியத்தை எப்படிச் சோதிப்பது? குட்சைல்ட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் சொன்ன வழி அழகானது. அரசு வரைபடத்தின் சாலைக் கோட்டைச் சுற்றி, குறிப்பிட்ட அகலத்தில் ஒரு பட்டை வரையுங்கள். மக்கள் வரைந்த கோட்டில் எத்தனை சதவீதம் அந்தப் பட்டைக்குள் அடங்குகிறது என்று அளந்தால் போதும். முகி ஹாக்லே என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பயன்படுத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகள் ஆர்ட்னன்ஸ் சர்வே நிலையிலிருந்து சராசரியாக 6 மீட்டர்தான் விலகியிருந்தன. அவர் குழுவின் மற்றோர் ஆய்வில், ஒரு பகுதியின் துல்லியத்தை அதிகம் உயர்த்தியவர்கள் அங்கே முதலில் வந்து சேர்ந்த ஐந்து பங்களிப்பாளர்கள்.

ஆனால் எல்லாரும் ஒரே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தால் இந்த மந்திரம் பலிக்காது. மலைப்பகுதிகளில் நிலத்தின் உயரத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்காத படம் சில மீட்டர் நகர்ந்து உட்கார்ந்துவிடும். ஆயிரம் பேர் வரைந்தாலும் ஆயிரமும் அதே அளவு நகர்ந்திருக்கும். சராசரி அந்தப் பிழையைத் தொடவே தொடாது. அனுபவசாலிகள் அந்த நூல்கற்றையைப் படத்தின்மேல் விரித்து, சாலை கற்றையின் நடுவில் வந்து பொருந்தும்வரை படத்தையே நகர்த்திவிட்டுத்தான் வரையத் தொடங்குவார்கள்.

அரசு நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் பல வேளைகளில் மக்களிடம் அவை கேட்பது கோடுகளை அல்ல, 'எங்கே எது மாறியது' என்ற செய்தியை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தன்னார்வலர்கள் பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், கல்லறைத் தோட்டம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள், திருத்துகிறார்கள், இல்லாததை நீக்குகிறார்கள். அனுபவமுள்ள தன்னார்வலர்கள் அதைச் சரிபார்த்த பிறகே தேசிய வரைபடத்தில் ஏறும். உரிமமும் ஒரு சிக்கல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தன் தரவோடு கலந்து வெளியிடும் நிறுவனம், அந்தத் தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டிவரும். இந்தச் சிக்கலைப் பேசித் தீர்த்தும் வேலை நடக்கும்: பிரான்ஸில் 2015-இல் அரசு வரைபட நிறுவனமும் அஞ்சல் துறையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்களும் சேர்ந்தே தேசிய முகவரித் தளத்தை உருவாக்கினார்கள்.

இதைக் காட்டி நில அளவைத் துறையின் நிதியை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஹாக்லே ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் இரு வரைபடங்களின் மொத்தச் சாலை நீளத்தை ஒப்பிட்டபோது, ஏழைப் பகுதிகளில் மக்கள் வரைபடம் பின்தங்கியிருந்தது. அங்கே சராசரி எடுக்கவே தடங்கள் இல்லை. அளவையாளரைச் சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டிய முதல் இடம் அதுதான்.