கரன்ட் மீட்டர் போல எண்ணும் சர்வர்கள்

ரீடிங் எடுக்க வருபவர் "போன தடவைக்கு அப்புறம் எவ்வளவு கரன்ட் செலவழித்தீர்கள்?" என்று நம்மிடம் கேட்பதில்லை. மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். போன தடவை எண்ணைக் கழித்தால் செலவு வந்துவிடும். ஒரு தடவை அவர் வராவிட்டாலும் யூனிட் எதுவும் தொலையாது, அடுத்த ரீடிங்கில் சேர்ந்தே வந்து நிற்கும்.

இணையச் சேவைகளைக் கண்காணிக்கும் முறையும் பெரும்பாலும் இந்த யோசனையில்தான் நடக்கிறது. ஒரு கோரிக்கை வந்து முடிந்ததும் சர்வரில் ஓடும் நிரல் தன் நினைவகத்தில் உள்ள 'கவுன்டர்' என்ற ஓர் எண்ணோடு 1 கூட்டும். அவ்வளவுதான் வேலை. லாக், அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவு என்றால் கோரிக்கைக்கு ஒரு வரி எழுத வேண்டும், கூட்டம் கூடினால் எழுத்தும் கூடும். கவுன்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. நூறு கோரிக்கை வந்தாலும் கோடி வந்தாலும் அது ஒரே எண்தான்.

2012இல் சவுண்ட்கிளவுட் என்ற இணைய இசை நிறுவனத்தில் பிறந்த ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் இதை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது. தொடங்கியவர்கள் முன்பு கூகுளில் வேலை பார்த்தவர்கள்; அங்கே இருந்த போர்க்மான் என்ற கருவியின் சாயல் இதில் உண்டு. ப்ரோமிதியஸ் ரீடிங் எடுப்பவரைப் போலத் தானே ஒவ்வொரு சர்வரிடமும் போய் எண்களை வாங்கி வரும். முதலில் 12,400, 15 நொடி கழித்து 12,850 என்றால் நொடிக்கு 30 கோரிக்கை. நடுவில் ஒரு ரீடிங் தவறினால் வரைபடம் கொஞ்சம் கரடுமுரடாகும், கணக்கு தவறாது.

சரி, சர்வரே நின்று மறுபடி கிளம்பினால்? எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கவுன்டர் ஒருபோதும் இறங்காது என்பது விதி. ஆகவே எண் குறைந்திருந்தால் நடுவில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று ப்ரோமிதியஸ் புரிந்துகொள்ளும். கடைசி ரீடிங்குக்கும் சர்வர் நின்ற நொடிக்கும் இடையில் நடந்தது மட்டும்தான் நஷ்டம்.

எண்களைத் தொலைவிலுள்ள கிளவுட் தளத்துக்கு அனுப்பும்போதுதான் இதன் அருமை தெரியும். பெரும்பாலும் நடுவில் ஏஜென்ட் என்ற ஒரு சின்ன நிரல் இருக்கும். எண்களைச் சேர்த்து, சுருக்கி, கட்டாகக் கட்டி அனுப்பும். நெட்வொர்க் இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி முயலும். ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்கள் 2019இல் இணைந்து உருவான ஓப்பன்டெலிமெட்ரி இதற்கு ஒரு பொது வடிவத்தைத் தந்தது. நாளை வேறு தளத்துக்கு மாறினால் ஏஜென்டின் அமைப்பை மாற்றினால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை. சில தளங்கள் மொத்த எண்ணுக்குப் பதிலாக "போன தடவைக்கு அப்புறம் எவ்வளவு" என்ற வித்தியாசத்தைக் கேட்கும். அங்கே ஒரு கட்டு தொலைந்தால் அந்தக் கணக்கு போனதுதான்.

நினைவகப் பயன்பாடு போல ஏறி இறங்கும் அளவுகளுக்கு மீட்டர் உவமை பொருந்தாது. இரண்டு ரீடிங்குக்கு நடுவே உச்சிக்குப் போய் இறங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது.

இன்னும் வம்பு பிடித்தது வேகம். 99 கோரிக்கைகள் 50 மில்லிநொடியில் முடிந்து, ஒன்று மட்டும் 5 நொடி இழுத்தால் சராசரி 99.5 மில்லிநொடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வேகத்தை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் 100 மில்லிநொடிக்குள் முடிந்தவை எத்தனை, 250க்குள் எத்தனை, 1 நொடிக்குள் எத்தனை என்று பக்கெட் பக்கெட்டாக எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பக்கெட்டும் ஒரு கவுன்டர்தான். பத்து சர்வர்களும் தத்தம் '99ஆவது சதமானம்' (நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவு) என்ன என்று சொன்னால் அவற்றைக் கூட்டவும் முடியாது, சராசரி எடுத்தாலும் அர்த்தமில்லை. பக்கெட் எண்ணிக்கைகளைத் தாராளமாகக் கூட்டலாம். கூட்டிய பிறகு மொத்தச் சேவையின் சதமானத்தை ஏறக்குறைய கணித்துவிடலாம்.

கை சுடும் இடம் லேபிள், அதாவது எண்ணிக்கையைப் பிரித்துப் பார்க்க ஒட்டும் அடையாளம். 20 முகவரி, 5 நிலைக் குறியீடு (கோரிக்கை சரியாக முடிந்ததா, பிழையா என்று சொல்வது), 10 சர்வர் என்று பிரித்தால் ஆயிரம் தனித்தனி எண்வரிசைகள். ஆர்வக்கோளாறில் பயனர் ஐடியையும் லேபிளாக்கி, ஒரு லட்சம் பேர் இருந்தால், அது 10 கோடி வரை போகலாம். கிளவுட் தளங்கள் பல இந்த வரிசைகளை எண்ணித்தான் காசு வாங்குகின்றன. நானும் ஒருமுறை இப்படிச் செய்து, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு அந்த லேபிளைச் சத்தமில்லாமல் எடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு சிக்கல்: எண்ணே வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கூட்டம் இல்லையா, சர்வர் செத்துவிட்டதா? ப்ரோமிதியஸ் தானே போய்ப் பார்ப்பதால், கதவு திறக்காவிட்டால் 'அப்' என்ற அளவில் 0 எழுதிவைக்கும். சர்வர்கள் தாமாக அனுப்பும் முறையில் மிஞ்சுவது மௌனம்தான். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில், எண் வராவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், முழு மௌனத்தில் அலாரம் அடிக்காது. 'போதிய தரவு இல்லை' என்ற நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.