துண்டுவிழும் தொகையை யார் வாங்குகிறார்கள்?

வரவுக்கு மேல் செலவழிக்கும் அரசு கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். அதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்தக் கடன் பத்திரம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விலைவாசி பெரிதும் தங்கியிருக்கிறது.

இலங்கையில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலின் ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை கொழும்பில் நடக்கும். உண்டியல்கள் 91, 182, 364 நாட்களில் முதிர்பவை. அவற்றுக்குத் தனியாக வட்டி இல்லை. 100 ரூபா உண்டியலைக் கழிவு விலைக்கு வாங்கி, முதிரும்போது முழு 100 ரூபாவையும் பெறலாம். ஆண்டு விளைவு வீதம், அதாவது வாங்கியவருக்குக் கிடைக்கும் வருவாய், 8 சதவீதம் என்றால் 91 நாள் உண்டியலின் விலை ஏறக்குறைய 98.04 ரூபா. 30 சதவீதம் என்றால் 93 ரூபாதான். 2022இல் வீதம் அதையும் தாண்டியது. ஏலத்தில் நேரடியாகப் பங்கேற்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்கள் வீதத்தையும் தொகையையும் குறித்துக் கேள்வி (விலைமனு) சமர்ப்பிப்பார்கள். குறைந்த வீதம் கேட்டவருக்கு முதலில் கிடைக்கும். வேண்டிய தொகை சேர்ந்ததும் கதவு மூடப்படும்.

வணிக வங்கி ஒன்று வாங்கினால், மத்திய வங்கியில் அது வைத்திருக்கும் இருப்பு குறைந்து அரசின் கணக்கு கூடும். அரசு சம்பளம் கொடுத்ததும் அந்தப் பணம் வங்கிகளுக்கே திரும்பிவிடும். மொத்த இருப்பில் மாற்றமில்லை. மத்திய வங்கியே நேரடியாக வாங்கினால் அப்படியல்ல. எவர் கணக்கிலும் கழிபடாமல் அரசின் கணக்கில் புதுப்பணம் ஏறுகிறது. அரசு செலவழித்ததும் அது வங்கிகளின் புதிய இருப்பாகிறது. 'காசு அச்சடித்தல்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்குப் பதிவைத்தான். அச்சு இயந்திரத்துக்கு இதில் அதிக வேலை இல்லை.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொவிட் வந்தது. பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டியது. ஏலத்தில் ஏற்கப்படும் வீதத்துக்கு உச்சவரம்பும் போட்டார்கள். என் பார்வையில் பெரிய பிழை அதுதான். அந்த வீதத்துக்குச் சந்தை ஒதுங்கிக்கொள்ள, விற்காத உண்டியல்களை மத்திய வங்கி ஏற்றது. புதிய ரூபா இறக்குமதிப் பொருட்களைத் துரத்தியது. ரூபாவை டொலருக்கு 200 அளவில் பிடித்து வைத்திருந்ததால் டொலர் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் அந்தப் பிடி விட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி நிர்ணயிக்கும் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏறியது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய வங்கிச் சட்டம் ஏலத்தில் நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே விற்கப்பட்ட பத்திரங்கள் கைமாறும் இரண்டாம்நிலைச் சந்தையில் வாங்கி விற்பதற்குத் தடை இல்லை. அது வங்கிகளின் பணப்புழக்கத்தைச் சீராக்கும் கருவி. ஆனால் ஏலத்தில் அரசுக்கு இப்போது கடைசி நேரக் கைகொடுப்பு இல்லை. பணம் சேராவிட்டால் வீதத்தை உயர விட வேண்டும், அல்லது முன்கூட்டியே சேர்த்த கையிருப்பை எடுக்க வேண்டும்.

வங்கிகள் அரசுப் பத்திரங்களை நிரம்ப வாங்கினால் தனியார் கடனுக்கு இடம் சுருங்கும். ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் கதை இன்னும் சிக்கல். அந்த நிதியத்தை நிர்வகிப்பதும் மத்திய வங்கிதான், பணத்தின் பெரும்பகுதி இருப்பது அரசுப் பத்திரங்களில். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் முறிகள் (உண்டியலைவிட நீண்ட காலத்தில் முதிரும் அரசுக் கடன் பத்திரங்கள்) தப்பின. தொழிலாளர் நிதியின் முறிகள் இன்னும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன.

ஏல முடிவு வெளியாகும்போது சராசரி வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். வழங்கப்பட்ட தொகை, வந்த கேள்வி, ஏற்கப்பட்டது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வீதம் அசையாமல் ஏற்கப்பட்ட தொகை வாராவாரம் குறைந்தால், கேட்ட வீதத்தைக் கொடுக்க அரசு தயங்குகிறது என்று அர்த்தம்.