‘இல்லெஜிட்டிமேட்’ பிள்ளையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளில் வம்சம் தேடிய கதைகளைத் தமிழில் எழுதுபவர்கள் ‘இல்லெஜிட்டிமேட்’ (செல்லுபடியாகும் மணத்துக்குப் புறம்பே பிறந்த) என்ற சொல் வந்ததும் ‘சட்டவிரோதக் குழந்தை’ என்று போட்டுவிடுகிறார்கள். மணல் அள்ளுவது சட்டவிரோதம், சாராயம் காய்ச்சுவது சட்டவிரோதம். பிறப்பது எப்படிச் சட்டவிரோதம் ஆகும்?

வேர் லத்தீன். ‘லெக்ஸ்’ என்றால் சட்டம், ‘லெஜிட்டிமஸ்’ என்றால் சட்டம் ஏற்றது. ‘இல்’ முன்னே சேர்ந்தால் சட்டம் ஏற்காதது. ஏற்காதது வேறு, மீறியது வேறு. மீறலுக்கு ஆங்கிலத்திலேயே ‘இல்லீகல்’ என்று தனிச்சொல் இருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் பதிவேட்டைப் படித்தால் வரலாறே பிசகும். பெற்றோர் பிறகு மணந்துகொண்டால் முன்பு பிறந்த பிள்ளையையும் ஏற்கலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஆயர்கள் (பிஷப்புகள்) கேட்டார்கள். லண்டன் அருகே மெர்ட்டனில் கூடிய பிரபுக்கள் எங்கள் நாட்டுச் சட்டத்தை மாற்ற மாட்டோம் என்று மறுத்தார்கள். 1926இல்தான் அந்தக் கதவு திறந்தது, அதுவும் பாதி: பிள்ளை பிறந்தபோது தாயோ தந்தையோ வேறொருவருக்கு மணத்துணையாக இருந்திருந்தால் அப்போதும் ஏற்பில்லை. ஸ்காட்லாந்திலோ பெற்றோரின் பிந்திய மணம் பிள்ளைக்கு உரிமை தரும் என்பது பழைய வழக்கம். அப்படிப்பட்ட பிள்ளையை எல்லைக்கு வடக்கே சட்டம் ஏற்றது, தெற்கே ஏற்கவில்லை. இதில் குழந்தை செய்த விரோதம் எது?

‘முறைகேடான குழந்தை’ என்பது இதைவிட மோசம். நிதியில் முறைகேடு, டெண்டரில் முறைகேடு என்று தினமும் படிக்கிறோம். அந்தச் சொல்லைப் பச்சைக் குழந்தையின் மேல் ஒட்டுவதா? கேட்டால், கொஞ்சம் திருத்தி ‘முறையற்ற பிள்ளை’ என்கிறார்கள். தமிழில் ‘முறை’ என்பது வெறும் ஒழுங்கு அல்ல, உறவு. முறைப்பெண், முறைமாமன், ‘அவர் உனக்கு என்ன முறை வேணும்?’ என்றெல்லாம் சொல்லும் மொழி இது. முறையற்ற பிள்ளை என்றால் யாருக்கும் எந்த உறவும் இல்லாதவன் என்று ஆகிவிடும். தாய் கண்ணெதிரே இருக்கிறாள், அவள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. உறவில்லை என்று சொல்ல நாம் யார்?

இன்னொன்றும் உண்டு. இறந்த மனைவியின் தங்கையை மணப்பது 1835இலிருந்து 1907 வரை இங்கிலாந்தில் செல்லாத மணம். தேவாலயத்தில் மணந்து, ஊரறிய வாழ்ந்தாலும் அவர்கள் பிள்ளைகள் ‘இல்லெஜிட்டிமேட்’தான். நம்மூரில் அக்கா இறந்தால் தங்கையைக் கட்டிவைப்பதுதான் முறை என்று பெரியவர்களே முன்னின்று முடிப்பார்கள். அந்தப் பிள்ளையை ‘முறையற்ற’ என்று தமிழில் எழுதினால் தமிழனுக்கு என்ன புரியும்? ‘மணமாகாத் தாயின் பிள்ளை’ என்ற கண்ணியமான தொடரும் இங்கே பொருந்தாது, அவள் மணமானவள். ஆகவே சட்ட நிலையைச் சொல்லும் இடத்தில் ‘சட்டம் ஏற்காத பிள்ளை’ என்பதே சரி. குற்றம் பிள்ளையிடமிருந்து நீங்கி, ஏற்க மறுத்த சட்டத்தின் மேல் போய் நிற்கிறது. கதையாகச் சொல்லும்போது ‘மணத்துக்குப் புறம்பே பிறந்தவர்’ என்று, அது உண்மையாக உள்ள இடத்தில் மட்டும் எழுதலாம்.

அடுத்தது ‘நேச்சுரல் சன்’. இதை ‘இயற்கை மகன்’, ‘இயல்பான மகன்’ என்று பெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். சென்னையில் வாழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் உயில்களிலும் இந்தத் தொடர் வரும். அங்கே அது சட்டம் தராத, இரத்தம் தந்த மகனைக் குறிக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டு உயிலில் அதே தொடர், தத்தெடுக்காத சொந்தப் பிள்ளை என்று மட்டும் பொருள்படலாம். மணவழி வந்த மூத்த மகனாகவும் இருக்கலாம். அங்கே ‘பெற்ற மகன்’ என்று எழுதுங்கள். காலம் பார்க்காமல் ஒரே சொல்லைப் போட்டால், முறைப்படி பிறந்த முப்பாட்டனுக்கு இல்லாத பழி சேரும்.

பதிவேட்டுக்காரர்கள் இன்னும் பல சொற்களை எழுதியிருக்கிறார்கள். ‘பேஸ் பார்ன்’ என்பது இழிபிறப்பு. ‘ஃபிலியஸ் நல்லியஸ்’ என்ற லத்தீன் தொடர் யாருக்கும் மகன் அல்லாதவன். வாரிசுரிமை கிடையாது என்பதன் சட்டப் பெயர் அது. ‘ஃபிலியஸ் பொப்புலி’ ஊராரின் மகன். இவற்றை எல்லாம் ஒரே மழுப்பலான தொடராக்குவதை நான் ஏற்கமாட்டேன். எழுதியவரின் வெறுப்பு வெறுப்பாகவே தமிழில் வரட்டும். மேற்கோள் குறிக்குள் வரட்டும். மொழிபெயர்ப்பாளர் தன் குரலில் பேசும்போது மட்டும் அந்த இழிவைக் கடன் வாங்கக் கூடாது. இன்றைய மொழிபெயர்ப்புகளில் நடப்பதோ தலைகீழ்: மேற்கோளை மென்மையாக்கிவிட்டு, சொந்த வாக்கியத்தில் ‘கள்ளத்தனமாகப் பிறந்த’ என்று எழுதுகிறார்கள்.

1813 முதல் ஞானஸ்நானப் பதிவுக்கு அச்சிட்ட படிவம் வந்தது. அதில் தந்தையின் தொழில் எழுத வேண்டிய கட்டத்தில் பல இடங்களில் ‘சிங்கிள் வுமன்’ என்று இருக்கும். தந்தை பெயர் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அதை ‘தனிப் பெண்’ என்று எழுதினால் துப்பே போய்விடும். ‘மணமாகாதவர்’ என்று எழுதுங்கள்.